அக்கா சாமியாக இருந்த காலம்

நான் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா கொஞ்ச காலம் சாமியாக இருந்தாள். இப்போது இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா பக்கம் லூபோக் சீனாவை ஒட்டியிருந்த எங்கள் தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் ஊதுவத்தியுமாக வருகிறவர்களுக்கு அத்தை பாய் விரித்துப் போடுவார். உள்ளே பதின்மூன்று வயது அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த வாழைப்பழங்களில் பெரும்பங்கு என் வயிற்றுக்குத்தான் போனது. ஆகவே சாமியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

சாமியாவதற்கு முன்னால் அவளுக்கு வீட்டில் வேறு பெயர். ‘பிடிவாதம் பிடிச்ச கழுதை’ என்று அத்தை சொல்வார். சோற்றின்மேல் குழம்பு படக்கூடாது. சோறு ஒரு ஓரம், பருப்பு ஒரு ஓரம், நடுவில் தட்டு பளிச்சென்று தெரியவேண்டும். கல்யாண வீட்டில் இலைபோட்டு ரசம் ஊற்றினார்கள் என்றால் தீர்ந்தது கதை. ரசம் ஓடுகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விடுவாள். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டை வெட்டி எறிந்தால்தான் சட்டையைப் போடுவாள். யாராவது திடீரென்று சத்தமாகச் சிரித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

அவளுக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, வண்டி எண். தோட்டத்துக்குள் வந்துபோகிற லோரி, பஸ், மோட்டார் எல்லாவற்றின் எண்ணும் அவளுக்கு மனப்பாடம். பயம் வந்தாலும் அழுகை வந்தாலும் அந்த எண்களை வாய்க்குள் வரிசையாகச் சொல்லிக்கொள்வாள். நாங்கள் சாமி பெயரைச் சொல்லுகிற இடத்தில் அவள் லோரி எண்ணைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அம்மா சமைத்துப் போட்டவரை சாப்பாடு பெரிய விவகாரமாகவில்லை. அம்மா வாய் ஓயாமல் திட்டுவார், ஆனால் கை மட்டும் சோற்றையும் பருப்பையும் தனித்தனியாக வைத்துவிடும். அந்த வருடம் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. அம்மா ரப்பர்க் காட்டில் பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டு மலாக்கா பக்கம் ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார். அக்கா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப் பள்ளியில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் பழக ஒரு வருடம் படிக்கிற புதுமுக வகுப்புக்குப் போனாள்.

அடுப்படி அத்தையின் கைக்கு வந்தது. அத்தை அப்பாவின் அக்கா. கணவர் போனபிறகு எங்களோடு வந்து இருந்துவிட்டவர். தங்கமான மனுஷி, தாராளமான கை. ஆனால் சோறு, குழம்பு, பொரியல், ஊறுகாய் எல்லாம் ஒன்றாகப் பிசைந்து உருட்டிக் கொடுத்தால்தான் அவருக்கு அது சோறு. அக்காவின் தட்டில் அவர் அன்போடு குழம்பை ஊற்றுவார். அக்கா அந்தத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிடுவாள்.

“தட்டுல வேலி போட்டு சாப்புடுற புள்ளய நான் எங்கயும் பாத்ததில்ல லா. அப்பன் ஒருபக்கம் மூஞ்சத் திருப்பிக்கிட்டுச் சாப்புடுறான், மக ஒருபக்கம்” என்று அத்தை முணுமுணுப்பார்.

அப்பாவைப் பற்றி அவர் சொன்னதும் உண்மைதான். அப்பா லூபோக் சீனாவில் தவுக்கே என்று கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியிடம் லோரி ஓட்டினார். சின்னச் சின்னத் தோட்டங்களில் வெட்டிப் போட்டிருக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் எண்ணெய் ஆலையில் இறக்குகிற வேலை. மதியச் சாப்பாடு லோரியில். வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகூட தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டியருகே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். தினமும் அதே சோறு, அதே பொரித்த மீன். “நான் ஆக்குறது அவருக்குப் புடிக்கல, வாய்விட்டுச் சொல்லமாட்டாரு” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி மூக்கைச் சிந்தியதை நான் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்து காண்டீனில் என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கூச்சல், தட்டுச் சத்தம், மிளகாய்ச் சம்பல் வறுபடுகிற நெடி. அக்கா அதற்குள் நுழையவே இல்லை. இடைவேளை முழுக்க நூல்நிலையத்துக்குப் பின்னால் நின்று, சாலையில் போகிற வண்டிகளின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படியே வீட்டுக்கு வந்தால் அத்தையின் பிசைந்த சோறு.

இந்தச் சமயத்தில்தான் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. பால்குடம் எடுக்கிறேன் என்று அக்கா தானாகக் கேட்டாள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவள் எப்போதுதான் நாலு பேரைப்போல ஆவாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் அல்லவா. உடனே புதுத் தட்டு, புதுத் தம்ளர், புதுப் பாய் வந்தன. விரதக்காரியின் தட்டை வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு வேளைதான் சோறு. வெள்ளைச் சோறு, உப்புப் போட்ட பருப்பு. மசாலா கிடையாது. தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடவேண்டும், யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. மற்ற பிள்ளைகள் இந்த விதிகளை எண்ணி எண்ணி அழுதார்கள். அக்கா அந்த வருடத்திலேயே அந்த விரத நாட்களில்தான் நிம்மதியாக இருந்தாள். நான் அதைப் பக்தி என்று நினைத்தேன். எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

திருவிழா அன்று ஆற்றங்கரையிலிருந்து பால்குடங்கள் புறப்பட்டன. உறுமி மேளம் அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. அவளுடைய இரண்டு கையும் தலையில் இருந்த குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் காதைப் பொத்த வழியில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. உதடு மட்டும் வேகமாக அசைந்தது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற மண்டோரின் மனைவி, நாங்கள் மண்டோரம்மா என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார்.

“அருள் வந்துருச்சி. ஆத்தா நம்பர் சொல்றா. ஏழு ஒண்ணு மூணு எட்டுங்கிறா. ஏங்க, எழுதிக்கிங்க, ஏழு ஒண்ணு மூணு எட்டு.”

“அது எங்கப்பா லோரி நம்பரு” என்று நான் சொல்லத்தான் செய்தேன். “சும்மா இரு, சாமி குத்தமாயிடும்” என்று நடு மண்டையில் ஒரு குட்டு விழுந்தது.

எங்கள் தோட்டத்தில் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எடுக்காத வீடு கிடையாது. கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் ஒரு நம்பர். அம்மனே வாய்திறந்து சொன்ன நம்பரை விட்டுவிடுவார்களா. அந்த வாரமே தோட்டத்தில் பாதிப்பேர் அதை எடுத்தார்கள். ஆறுதல் பரிசு விழுந்தது. மண்டோரம்மா வீட்டுக்குப் புது மேசைவிசிறி வந்தது. அந்த எண்ணைச் சுமந்துகொண்டு அப்பாவின் லோரி பல வருடமாக எங்கள் லயத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது. அதில் யாருக்கும் சாமி தெரியவில்லை.

திருவிழா முடிந்து எல்லார் கையிலும் காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் ஆடு வெட்டி விருந்து. அக்கா அவளுடைய புதுத் தட்டை எடுத்துக்கொண்டு வெள்ளைச் சோற்றுக்குப் போய் உட்கார்ந்தாள்.

“வெரதம் முடிஞ்சிருச்சிடி” என்றார் அம்மா.

“எனக்கு முடியல” என்றாள் அக்கா.

அம்மன் ஒருவர்மேல் இறங்கி, பிறகு விட்டுப் போவதை மலையேறுவது என்பார்கள். “சாமி இன்னும் மலையேறல” என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வார்த்தை லயம் முழுக்கப் போய், அடுத்த ஞாயிறே வாசலில் செருப்புகள் வந்துவிட்டன. வந்தவர்கள் நம்பர் கேட்பார்கள். இத்தனை பேர் சூழ்ந்துகொண்டதில் அக்காவுக்குப் பயம் வந்து, வாய்க்குள் வண்டி எண்களைச் சொல்லத் தொடங்குவாள். அவர்கள் அதை எழுதிக்கொண்டு போவார்கள். விழுந்தால் அது அம்மனின் அருள். விழாவிட்டால் எடுத்தவரின் பக்தியில் ஏதோ குறை.

பள்ளியில் என் மதிப்பு ஒரேயடியாக ஏறிவிட்டது. சாமியின் தங்கை என்பதால் ஊஞ்சலில் எனக்கு முதல் இடம் கொடுத்தார்கள். வீட்டிலோ சாமி சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் பருப்பு நின்றது. பிறகு சோறு குறைந்தது. பள்ளிச் சீருடையை இடுப்பில் ஊசி குத்தி நிறுத்தவேண்டியிருந்தது. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பெருமையும் பயமும் பாதிக்குப் பாதியாக அவர் முகத்தில் தெரியும்.

“தவம்னா ஒடம்பு வத்தத்தான் செய்யும்” என்று அத்தை தேற்றுவார்.

ஒருநாள் தொட்டியடியில் அவள் குளிக்கும்போது முதுகைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பயமாகிவிட்டது. செத்துப்போவாளோ என்றுகூடத் தோன்றியது. சாமிகள் சாகமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வாழைப்பழத்தை உரித்தேன். அன்றைக்கு அதைத் தின்னாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் பள்ளியின் காலைச் சபைக்கூடலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆசிரியர் ஒருவர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்குப் போக, அங்கிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண். மலாயில் அம்மாவிடம் நேராகவே சொன்னார். இதயத் துடிப்பு மெதுவாகிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிள்ளை உங்களுக்கு இருந்திருக்கமாட்டாள் என்றார். அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் அக்காவிடம், மெலிந்து அழகாக இருக்கவேண்டும் என்று ஆசையா என்று கேட்டார். அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“குண்டா இருந்தா என்னா?” என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, ஒருவரும் எதிர்பாராத மாதிரி, நிறையப் பேசினாள். தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிப் பேசினாள். “சோறும் கொழம்பும் ஒட்டுனா வாய்க்குள்ள புழு மாதிரி இருக்கு. காண்டீன்ல நாத்தம் மண்டையப் பொளக்குது. வெரதத்துல ஒரே தட்டு, ஒரே சோறு, யாரும் பேசமாட்டாங்க. அதான் எனக்குப் புடிச்சிது. கொறைக்கக் கொறைக்க மண்டைக்குள்ள சத்தமும் கொறைஞ்சிச்சி. இப்ப சாப்புடணும்னு நெனச்சாலும் முடியல. எப்பிடித் திரும்ப ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அழுதாள். அம்மன் இறங்கிய நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். குண்டாகிவிடுவோமோ என்று பயப்படுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், இவள் அப்படி இல்லை, இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை என்றார். எப்படிச் சாப்பிட்டாலும் சரி, சாப்பிட வைத்தால் போதும், வரிசை முறை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவின் தோளைத் தொட்டுச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் குழிகுழியாகத் தடுத்த தட்டில் சாப்பாடு வந்தது. சோற்றுக்கு ஒரு குழி, காய்க்கு ஒரு குழி, ஒன்றோடு ஒன்று ஒட்ட வழியே இல்லை. மருந்து ஏறிக்கொண்டிருந்த கையால் அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். சோற்றுக் குழியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டாள். “இந்தத் தட்டு எங்க விக்கும்மா?” என்று கேட்டாள். வீட்டுக்கு அனுப்பிய அன்று அம்மா மலாக்கா பட்டணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாதிரி ஒரு தட்டு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பு. மண்டோரம்மா எலுமிச்சம்பழ மாலையோடு காத்திருந்தார், கூட ஏழெட்டுப் பேர். ஆஸ்பத்திரிக் கட்டில் எண்ணைச் சொல்லச் சொல்லி அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை இன்னொரு பக்கம், பிசைந்த சோற்றை உருட்டிக்கொண்டு, “ஒரே ஒரு உருண்ட கண்ணு, அத்தைக்காக” என்று வாயருகே கொண்டுபோனார். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எண்களை முணுமுணுக்கத் தொடங்கினாள். ஒருவர் பேனாவை எடுத்தார்.

அம்மா பையைக் கீழே போட்டார்.

“சாமி மலையேறிருச்சி. எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார்.

“என்னா தங்கச்சி இப்பிடிப் பேசுற? ஆத்தா கோவிச்சிக்குவா” என்றார் மண்டோரம்மா.

“எம்மேல கோவிச்சிக்கட்டும். எனக்கு எம்புள்ள வேணும் லா அக்கா. நீங்களும் புள்ள பெத்தவங்கதான.”

மண்டோரம்மா மாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். மறுநாள் காலையில் முட்டை ஒரு பை கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டு, நம்பர் எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டார். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். தன் கைச்சோறு பிள்ளைக்கு விஷமாகிவிட்டதே என்று அவருக்குத் துக்கம். அதற்குப் பிறகு குழித்தட்டில் ஒவ்வொன்றாக வைக்கக் கற்றுக்கொண்டார். “ஜெயிலுக்குப் பரிமாறுற மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டேதான் வைப்பார், ஆனால் ஒருநாளும் கலக்கவில்லை.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. தட்டு வந்துவிட்டது, கூட்டம் போய்விட்டது, ஆனால் எங்கள் கண்கள் இருந்தன. அக்கா சாப்பிட உட்கார்ந்தால் அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நான் எதிரில். ஒரு வாய் எடுத்தால் மூன்று பேரும் கூடவே விழுங்குவோம். கை நின்றுவிட்டால் மூன்று பேரும் பெருமூச்சு விடுவோம். நாலு வாய்க்கு மேல் போகாது. “எல்லாரும் என் வாயவே பாக்குறீங்க” என்பாள். பார்க்காமல் எப்படி இருப்பது. அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இப்படியே இருந்தால் மறுபடியும் படுக்கையில் சேர்க்கவேண்டியிருக்கும், மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அப்பா அதுவரை இதில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தவர். அன்று சாயங்காலம் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “பள்ளிக்கூடம் லீவுதான? நாளைக்கி எங்கூட வரட்டும்” என்றார்.

“லோரியிலயா? காத்தடிச்சா பறந்துருவாளே அவ” என்றார் அம்மா.

“ஜன்னல சாத்திக்கிறேன்” என்றார் அப்பா.

அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இரண்டு தூக்குகளில் ஒரே மாதிரி சாப்பாடு கட்டிக் கொடுத்தார். அக்காவின் தூக்கு சாயங்காலம் பாதி காலியாக வந்தது. வழியில் நாய்க்குப் போட்டிருப்பார்களோ என்று அம்மா அதை மோந்து பார்த்தார். சில நாள் போனதும் முக்கால் காலியாக வந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் மிஸ்ஸி, இன்னொருமுறை ஏறி நிற்கச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். லோரியில் என்னதான் நடக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, அப்பா, “ஒண்ணும் நடக்கல” என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த லோரியில் ஏறவேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருப்பவள் நான். ஒழுங்காகத் தின்கிற எனக்கு லோரி கிடையாது, தின்னாதவளுக்கு தினமும் ஊர்வலமா. யோசித்துப் பார்த்து, ஒரு சனிக்கிழமை காலையில், எனக்கும் சாப்பாடு வேண்டாம், எனக்கும் சாமி வந்துவிட்டது என்று அறிவித்தேன். அத்தை துடைப்பத்தைத் தேடினார். ரொட்டி விற்கிற பாயின் மோட்டார் லயத்துக்குள் நுழைந்து மணி அடிக்கும்வரை என் விரதம் நீடித்தது. தேங்காய்ப்பூ ரொட்டி இரண்டு சாப்பிட்டதும் சாமி மலையேறிவிட்டது. அப்பா அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, திங்கட்கிழமை என்னையும் லோரியில் தூக்கி உட்கார வைத்தார்.

அப்பா வலது ஜன்னல் பக்கம் ஸ்டியரிங்கில், அக்கா இடது ஜன்னல் பக்கம், நடுவில் சூடேறுகிற இருக்கையில் நான். குலைகளை இறக்கிவிட்டு மத்தியானம் கோலா சுங்கை பாருவுக்குப் போனோம். கடற்கரைச் சாலையோரத்தில் ஒரு மரநிழலில் லோரியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். ரேடியோ கிடையாது. மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. இனி ஐஸைச் சீவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தருவார்கள், கடலில் கால் நனைக்கலாம் என்று நான் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன்.

அப்பா தன் தூக்கைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, வலது ஜன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிடத் தொடங்கினார். அக்கா குழித்தட்டில் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, இடது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் திரும்ப ஜன்னல் இல்லை. அந்தப் படகு யாருடையது, இந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் என்ன ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“சாப்புடும்போது பேசாதம்மா” என்றார் அப்பா, கோபமில்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்து, பொரித்த நெத்திலி இருந்த மூடியை எடுத்து, யாருக்கு என்று சொல்லாமல் முன்பக்கப் பலகைமேல் வைத்தார். வைத்துவிட்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். விரதம் தொடங்கியதிலிருந்து அக்கா மீனைத் தொட்டதில்லை. நான் இரண்டு எடுத்துத் தின்றேன். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து ஒன்று எடுத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று எடுத்தது. அப்பா திரும்பவில்லை. அவர் தாடை மெல்லுவதை நிறுத்தியதை மட்டும் நான் பார்த்தேன். பிறகு அவரும் சாப்பிட்டார்.

ஐஸ் ஏற்றிய லோரி ஒன்று எங்களைக் கடந்து போனது. அக்கா அதன் எண்ணைச் சொல்லி, “நேத்து இது இந்நேரம் திரும்பிப் போச்சிப்பா” என்றாள்.

“இன்னிக்கி மீனு கம்மி. டிரைவர் எங்கயாச்சும் தூங்கியிருப்பான்” என்றார் அப்பா.

இருவரும் சிரித்தார்கள். அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் தட்டில் எல்லாக் குழியும் காலியாக இருந்தது. நாங்கள் ஐஸ் கச்சாங் சாப்பிடாமலே, காலை நனைக்காமலே வீட்டுக்குத் திரும்பினோம்.

பெயர்கள் எல்லாம் மிகவும் பின்னால்தான் வந்தன. அக்கா முப்பதைத் தாண்டியபிறகு ஒரு மருத்துவர் அவளோடு பல நாள் பேசிவிட்டு, ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். அந்தத் தன்மையுள்ள சில பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், மெலியவேண்டும் என்ற ஆசையே இல்லாமல் இப்படிச் சாப்பாட்டில் சிக்கிக்கொள்வது உண்டு என்றும், ருசியும் மணமும் சத்தமும் மாற்றமும் அவர்களை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை என்றும் விளக்கினார். அக்கா நடுவில் இரண்டுமுறை சறுக்கினாள், இரண்டுமுறையும் ஏறி வந்தாள். இப்போது மலாக்காவில் லோரி உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் முழுக்க அவள் பொறுப்பில் இருக்கிறது. மருத்துவர் சொன்னதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப எனக்கும் அதானா?” என்றார். “இருக்கும்ப்பா” என்றாள் அக்கா. அம்மா, “அப்படின்னா என் சமையலு நல்லாத்தான் இருந்துச்சா?” என்று அப்பாவைக் கேட்டார். “அதுல என்னா கொறை?” என்றார் அப்பா. அம்மா அன்றைக்கு முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார், சந்தோஷமாகத்தான்.

அதெல்லாம் பிறகு. லோரியில் போய்வந்த அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்தது என் ஏமாற்றம் ஒன்றுதான். நேராக அடுப்படிக்குப் போனேன். அம்மா ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“என்னாடி, லோரி எப்பிடி இருந்துச்சி?”

“அங்க ஒண்ணுமே இல்லம்மா. அப்பா ஒண்ணுமே செய்யல. ஐஸ் கச்சாங்கூட வாங்கித் தரல. அக்காவ சாப்புடுன்னுகூட சொல்லல. அவரு பாட்டுக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு சாப்டாரு, அவ பாட்டுக்கு இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு எல்லாத்தையும் சாப்டா.”

கரண்டி நின்றது. “எல்லாத்தையுமா?”

“ஆமா. தட்டக்கூட வழிச்சிட்டா. எனக்கு வச்ச நெத்திலியையும் அவதான் தின்னா.”

“நெத்திலியவா? அவளா எடுத்தா?”

“அவளாத்தான் எடுத்தா. யாரு குடுத்தா அவளுக்கு?” என்றேன் எரிச்சலோடு.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. வெளியே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஐஸ் கச்சாங் கிடைக்காததற்கு இவ்வளவு வருத்தப்படுவார் என்று நான் நினைக்கவே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அழாதம்மா, பரவால்ல. எனக்கு அந்த லோரியே புடிக்கல” என்று அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.